பேப்பரில் வந்த துவக்குக்காரன்

இன்னாசித்தம்பிக்குக் கோபம் பிறவிக் குணம் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் யாரைக் கேட்டாலும் அவரைச் சிடுமூஞ்சி என்றுதான் சொல்லுவார்கள். மன்னார்ப் பக்கத்துப் பேசாலையிலிருந்து புறப்பட்டு இங்கே வந்து இறங்கியபோது அவர் பகிடியும் சிரிப்புமாக, வாய் ஓயாத மனுசன். அந்த மனுசனை இப்படி ஆக்கிய புண்ணியம் இந்த நாட்டு அரசாங்கத்துக்குத்தான் சேரும்.

வந்த கொஞ்சக் காலத்தில் அகதி என்று ஏற்றுக்கொண்டு விசா கொடுத்துவிட்டார்கள். மனைவி லூர்தம்மாவும் கைக்குழந்தை யூலியானாவும் பேசாலையில் இருந்தார்கள். அகதியின் மனைவி பிள்ளைகள் வந்து சேரலாம் என்று இந்த நாட்டுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. யாருடைய காலிலும் விழுந்து கேட்கிற விசயம் இல்லை. எண்பத்தேழாம் ஆண்டுத் தொடக்கத்தில், சினோப் பனி முழங்கால் மட்டும் கிடந்த ஒரு நாள், பொலிஸ் கந்தோரில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். கோடைக்குள் வந்துவிடுவார்கள் என்று சின்னக் கட்டில் ஒன்றும் வாங்கிப் போட்டார்.

கோடை வந்தது. அவர்கள் வரவில்லை.

அவர் வேலை செய்த பின்னல் ஆலையில் மெசின் திருத்துகிறவர் ஸ்வென். கலியாணம் கட்டாத, வயது போன தாடிக்காரர். சிலருக்குத் தபால் தலையில் பைத்தியம், சிலருக்குப் புறாவில். ஸ்வெனுக்குப் படைகள் கழித்துவிட்ட பழைய றைபிள்களில் பைத்தியம். ஜெர்மன்காரன் தோற்று ஓடியபோது விட்டுப்போனது, டென்மார்க் இராணுவம் தாத்தா காலத்தில் தூக்கியது என்று வீட்டு நிலவறையில், இரும்பு அலுமாரிக்குள், அனுமதிப் பத்திரத்தோடு பூட்டி வைத்திருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவற்றின் படங்களை எடுத்துக் காட்டினார். இன்னாசித்தம்பி ஒன்றில் விரலை வைத்தார்.

"இது 303. நான் சுட்டிருக்கிறேன்."

ஸ்வென் மெல்லுகிறதை நிறுத்திவிட்டார். எங்கே, எந்தச் சண்டையில் என்று கேட்டார்.

"சண்டையில் இல்லை. பள்ளிக்கூடத்தில்."

உண்மைதான். வெள்ளைக்காரன் இலங்கையை விட்டுப் போகும்போது தன் பழைய துவக்குகளையும் விட்டுப் போனான். கடேற் என்கிற மாணவர் படையில் இருந்த பள்ளிக்கூடப் பெடியளுக்கு வருடத்தில் ஒரு தடவை அதைச் சுடக் கொடுப்பார்கள். அடுத்த சனிக்கிழமையே ஸ்வென் அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு துவக்குச் சுட்டுப் பழகும் கழகத்துக்குப் போனார்.

303க்கு ரவை போடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ரவையின் அடியில் விளிம்பு இருக்கும். மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். மாறிப் போட்டால் நடுவில் இறுகிக்கொள்ளும். பள்ளிக்கூடத்து சார்ஜன் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்ததைக் கை மறக்கவில்லை. துவக்கின் அடிக்கட்டையான பிடங்கைத் தோளில் இறுக்கி, மூச்சைப் பாதியில் பிடித்து, விசையை அமத்தினார். துவக்கு கழுதை மாதிரி உதைத்தது. அந்த மூச்சுப் பிடித்த நேரத்துக்குள் விசா இல்லை, பொலிஸ் கந்தோர் இல்லை, காலியான சின்னக் கட்டில் இல்லை. அதற்காகத்தான் அவர் பிறகும் போனார்.

சுட்ட பிறகு பெரிய வேலை துப்பரவு செய்வது. பழைய இராணுவ ரவையின் மருந்து குழலைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் ஸ்வென் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து, புனல் வைத்துக் குழலுக்குள் ஊற்றுவார்; மறுமுனையில் கறுப்பாக வழியும். பிறகு அதே கேத்திலில் கோப்பி. "இரண்டும் கறுப்புத்தான், இன்னாசி" என்பார். பெயரை முழுதாகச் சொல்ல அவருக்கு நாக்கு வளையவில்லை.

இலையுதிர் காலத்தில் கழகத்தில் பழைய றைபிள்களுக்கு மட்டும் ஒரு போட்டி. இன்னாசித்தம்பி இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்தவரை எவரும் கவனிக்கவில்லை. உள்ளூர்ப் பேப்பர்காரன் இந்தக் கறுத்த மனுசனைத்தான் படம் பிடித்தான். கையில் றைபிள், முகத்தில் முப்பத்திரண்டு பல்லும். ஊர் முழுக்கப் பார்த்தது.

ஞாயிறு பூசை முடிந்து கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பஸ்தியாம்பிள்ளை அவரை ஒரு மூலைக்குக் கூப்பிட்டார். பஸ்தியாம்பிள்ளை ஊரில் கந்தோர்க் கிளாக்கராக இருந்தவர். முதலில் வந்தவர், டேனிஷ் தெரிந்தவர், ஆகவே எல்லாருடைய விண்ணப்பத்துக்கும் அவர்தான் வைத்தியர்.

"தம்பி, உமக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள் எண்டு சொல்லித்தானே விசா எடுத்தனாங்கள். நீர் துவக்கோடை இளிச்சுக்கொண்டு நிண்டால் அவன் என்ன நினைப்பான்?"

"அண்ணை, அது பழைய துவக்கு. என்ரை அப்புவை விட வயசு கூட. விளையாட்டுக்கு..."

"உமக்கு விளையாட்டு. அங்கை மந்திரியின்ரை மேசையிலை அந்தப் பேப்பர் இருக்கும். உம்மடை பைலைத் தூக்கி ஒரு பக்கத்திலை வைச்சிட்டாங்கள். அதுதான் சங்கதி."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். இதில் எரிச்சல் தருகிற விசயம் என்னவென்றால், மனைவியோடேயே வந்து இறங்கிய பஸ்தியாம்பிள்ளையைத் தவிர, அங்கே நின்ற ஒருவருடைய மனைவியும் வந்திருக்கவில்லை. யோசேப்புக்கு வரவில்லை, கலியாணப் பதிவில் திகதி பிழைத்ததால்தான் என்று அவர் தன்னையே நொந்துகொண்டிருந்தார். அந்தோனிதாசனுக்கு வரவில்லை, டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் பிடிபட்டதுதான் காரணம் என்று அவர் நம்பினார். எல்லாரும் தங்கள் தங்கள் மடியைத் தட்டித் தட்டிக் குற்றம் தேடினார்களே ஒழிய, ஒருவராவது அரசாங்கத்தைச் சந்தேகிக்கவில்லை. சிங்கள அரசாங்கம் பொய் சொல்லும், அது தெரிந்த சங்கதி. டென்மார்க் அரசாங்கம் பொய் சொல்லுமா? பஸ் வருகிற நேரத்தைக்கூடப் பொய் சொல்லாத நாடு அல்லவா!

இன்னாசித்தம்பியும் நம்பினார். அடுத்த நாள் ஆலையில், எல்லார் முன்னாலும், ஸ்வெனைப் பிடித்துக் கத்தினார். உன்னுடைய துருப்பிடித்த இரும்பால் என் குடும்பம் நாசமாய்ப் போகிறது, இனி என்னோடு கதைக்காதே என்றார். ஸ்வென் கையில் இருந்த மெசின் முடுக்குகிற சாவியைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு பஸ்தியாம்பிள்ளை சொல்லச் சொல்ல, அமைச்சுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் போனது. நான் அமைதியானவன், இனித் துவக்கைக் கையால் தொடமாட்டேன், தயவு செய்து மனைவி பிள்ளையை விடுங்கள் என்று. அதோடு அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தியும் வைத்தார்.

பதில் வரவில்லை. அடுத்த மாரி மழையில், பேசாலையில் யூலியானாவுக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா. ஊரடங்குச் சட்டம், வழி நெடுகச் சோதனைச் சாவடி. பிள்ளையை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது காலம் கடந்துவிட்டது. அலுவலாகக் கொழும்புக்கு வந்த பங்குச் சாமியார் அங்கிருந்து ரெலிபோன் எடுத்துச் சொன்னார். இன்னாசித்தம்பி அந்தச் சின்னக் கட்டிலைக் கழற்றி, பலகை பலகையாக வெளியே கொண்டுபோய் உடைத்தார்.

அடுத்த வருடம் லூர்தம்மாவுக்கு விசா வந்தது. யோசேப்பின் மனைவிக்கும் வந்தது, அந்தோனிதாசனின் மனைவிக்கும் வந்தது. அதையும் எவரும் யோசிக்கவில்லை. "பாத்தியோ, துவக்கை விட்டார், விசா வந்தது" என்றது மண்டபம். லூர்தம்மா வந்த முதல் ஞாயிறே, பஸ்தியாம்பிள்ளையின் மனைவி விக்ரோரியா பேப்பர்ப் படத்தின் கதையை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து லூர்தம்மா கேட்டாள்: "பிள்ளை அங்கை காய்ச்சலிலை கிடக்க, நீங்கள் இஞ்சை துவக்குச் சுட்டு விளையாடினனீங்களோ?"

காய்ச்சல் வந்தது பிறகு என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குற்றவாளி நாள் கிழமை பார்த்து வாதாடுவானா? அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு குழைந்தாலும், குழாயில் தண்ணீர் சொட்டினாலும் கதை துவக்கில் போய்த்தான் முடியும். அவள் ஏசிப் பேசுவாள், அவர் கேட்பார். பதில் சொல்ல முடியாத கோபத்தை அவர் ஆலையிலும் கடையிலும் கோயிலிலும் கொண்டுபோய்க் கொட்டினார். சிடுமூஞ்சி என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கதவு மணி அடித்தது. திறந்தால் ஸ்வென். தாடி முழுதாக நரைத்திருந்தது. கையில் பேப்பர், முகமெல்லாம் சிவந்து போயிருந்தது.

"நீ கதைக்காதே என்றாய், கதைக்கவில்லை. இன்றைக்குக் கதைப்பேன்" என்றார். "உன் வீட்டுக்காரியையும் கூப்பிடு."

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, பேப்பரை மேசையில் விரித்தார். விசாரணை அறிக்கை வெளியாகி, பிரதமர் பதவி விலகிவிட்டார் என்று வானொலி இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இன்னாசித்தம்பி அதைப் பெரிய இடத்துச் சண்டை என்று விட்டிருந்தார். ஸ்வென் விரலை ஊன்றி ஊன்றி வாசித்தார். தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களைப் பார்க்காமல் ஒதுக்கிவைக்கச் சொல்லி அப்போதைய நீதி அமைச்சரே உத்தரவிட்டிருக்கிறார். சட்டத்துக்கு மாறாக. ஒருவருடையதை இல்லை, எல்லாருடையதையும்.

"எப்ப?" என்று லூர்தம்மா கேட்டாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்ததில் அவளுக்கு டேனிஷ் விளங்கும்.

"எண்பத்தேழு ஜனவரி" என்றார் ஸ்வென். "இன்னாசி என் துவக்கைத் தொட்டது அந்தக் கோடையில். படம் வந்தது அதற்கும் பிறகு."

இன்னாசித்தம்பிக்கு நிம்மதி வரவில்லை. உள்ளங்காலில் இருந்து கோபம் ஏறியது. அரசாங்கத்தை நம்பிய கோபம். கூட்டாளியைத் துரத்தி, சிரிப்பைத் துரத்தி, திறந்தே பார்க்காத ஒரு பைலுக்கு மேலே மன்னிப்புக் கடிதம் எழுதி வைத்த கோபம். மேசையில் ஓங்கிக் குத்தினார். ஸ்வென் நகரவில்லை. "நான் அவர்களுக்குத்தான் வோட்டுப் போட்டேன்" என்றார்.

லூர்தம்மா பேப்பரைத் தன் பக்கம் இழுத்து மேலும் கீழும் பார்த்தாள். பெரிய மனுசர்களின் படங்கள் இருந்தன. யூலியானா எங்கேயும் இல்லை. பிறகு அவள் புருசனைப் பார்த்தாள்.

"இவ்வளவு காலமும் உங்களையெல்லோ பேசினன்" என்றாள். "இனி நான் ஆரைப் பேசுறது?"

அவர் கதிரையில் இருந்தார். குத்திய கை வீங்கத் தொடங்கியிருந்தது.

"என்னையே பேசு" என்றார். "அவங்கடை காதிலை விழாது. எனக்கெண்டாலும் கேக்கும்."

அவள் பேசினாள். பேசாலைத் தமிழில், இருக்கிற வசவு எல்லாவற்றையும் எடுத்து, அமைச்சரையும் அவனுடைய கந்தோரையும் அவன் படித்த சட்டத்தையும் பேசினாள். ஒரு சொல்லும் விளங்காமல் ஸ்வென் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையின் பெயர் வந்த இடத்தில் அவள் பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிறுத்தினாள். மிச்சத்தை இன்னாசித்தம்பி கத்தினார்.