கட்டாத வீட்டுக்கு நஷ்டஈடு கேட்டு விழுப்புரம் போனது

செல்வி, கெஞ்சிக் கேட்கிறேன். இதை உன் அம்மாவுக்கு மட்டும் படித்துக் காட்டு. வேறு யார் கண்ணிலும் படக் கூடாது. பெரியப்பாவுக்குத் தெரிந்தால் என் பள்ளிக்கூடம் அன்றோடு சரி.

விமானத் திடலைச் சுற்றி நிலம் உள்ள உங்களுக்கெல்லாம் வந்த நோட்டீஸ் எங்களுக்கும் வந்திருந்தது. பெரியப்பா அதைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு, "நெலத்த யாரும் எடுக்கல. உனுக்கு ஒண்ணும் வராது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். போன வெள்ளிக்கிழமை பெட்டியைத் துடைக்கும்போது படித்தேன். அப்பா இறந்தபின் பட்டா அம்மா பேரில்தான். நோட்டீஸிலும் அம்மா பேர். வருகிற திங்கட்கிழமை கடைசி நாள். எடுத்து ஒளித்துக்கொண்டேன்.

நேற்று, அத்தை வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, நானும் அம்மாவும் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். திண்டிவனம் வரை ஆறு மைல் நடை. ஏழரைக்கு பஸ். அங்கிருந்து விழுப்புரம் இருபத்து மூன்று மைல், தலைக்கு எழுபது காசு. அம்மா எனக்கு அரை டிக்கெட் கேட்டாள். "இந்தப் பொண்ணு ஒசரத்துக்கு ஒன்றரை டிக்கெட் போடணும்மா" என்று கண்டக்டர் சிரித்தார். ஆனால் இறங்கியதும் நோட்டீஸில் போட்டிருந்த ஆபீசுக்கு வழி காட்டியவரும் அவர்தான்.

ஆபீஸ் திறக்கப் பத்தரை ஆனது. குமாஸ்தா எங்களை பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"நெலம் உங்க கிட்டயேதான் இருக்கும்மா. ஆனா மாடி கட்டக் கூடாது, பனை வளக்கக் கூடாது. பிளேன் எறங்கணுமில்ல? அதுக்குத்தான் காசு."

"கட்டாத வூட்டுக்குமா காசு குடுப்பாங்க?"

"கட்ட விடாததுக்குத்தாம்மா காசு."

பிறகு காகிதங்களைப் புரட்டியவர் நிமிர்ந்து பார்த்தார். "போன வாரமே பெரியவர் ஒருத்தர் இது தன்னுது, நோட்டீஸ பின்னால கொண்டாரேன்னு எழுதிக் குடுத்தாரே?"



"அவரு என் வூட்டுக்காரருக்கு அண்ணங்க. நெலம் என்னுதுங்க" என்றாள் அம்மா. பெரியப்பாவை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை.

குமாஸ்தா பட்டாவை இரண்டு முறை படித்தார். பெரியப்பாவின் மனுவைத் தள்ளி வைத்துவிட்டு, அம்மா பேரை எழுதி, கைநாட்டு வாங்கி, ரசீது கொடுத்தார். பணத்தை அம்மா கையில்தான் தருவார்களாம். அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். பியூன் கூட, கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நீங்கள் போகும்போது பட்டா, நோட்டீஸ் இரண்டும் கட்டாயம் வேண்டும். கேப்பை அடை கட்டிக்கொண்டு போங்கள். வெளியே சாப்பாடு முக்கால் ரூபாய். நோட்டீஸைத் திருப்பித் தர மாட்டார்கள். பெரியப்பா இன்னும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எங்களுடையதை நான் ஒளித்து வைத்த இடம் அம்மாவுக்கே தெரியாது, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் நீ எடுத்து என் அம்மாவிடம் கொடு. அது எங்கள்—

கதவைத் தட்டுகிறார்கள். பெரியப்பா குரல்