மாசிலாமணி சார் கேட்டுக்கொண்டே இருந்தார்

வியாழக்கிழமை காலையில் நான் கடையில் வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தபோது கோபால் வந்து நின்றான். நம் காலேஜ் நாடகத்தில் பொம்பளை வேஷம் கட்டிய அதே கோபால்தான். இப்போது துறைமுகத்தில் கிளார்க். மீன் வாங்க வந்தவன் கூடையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

“பாக்கியம்மா, நம்ம சார் பூட்டாரு.”

எந்தச் சார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான சார் ஒருவர்தான். கையிலிருந்த மீனைப் பாதி அறுத்தபடியே வைத்துவிட்டேன்.

பழைய மாணவர்கள் போடும் இந்த நினைவு மலரில் என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் மூணாவது வரைதான் படித்தேன். மாசிலாமணி சார் சொல்லிக்கொடுத்த பௌதிகத்தைப் பற்றி எழுத, படித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது, யுத்த காலத்தில் அவர் போட்ட ஒரு நாடகமும் அதில் நடந்த தப்பும், அதற்குப் பிறகு அவர் எனக்குச் செய்ததும்தான்.

அப்போது ராயபுரத்தில் கடலோரமாக இருந்த நம் காலேஜில் நான் பெருக்குகிற வேலை பார்த்தேன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதி ஊர் வண்டி கட்டிப் போய்விட்டது. பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். பொழுது போனால் விளக்குப் போடக் கூடாது என்பதால் பாட்டுக் கச்சேரி, நாடகம் எல்லாமே பகல் இரண்டு மணிக்கு. அந்தப் புழுக்கத்தில் ராஜா வேஷக்காரனுடைய அரிதாரம் முகத்தை விட்டுக் கழுத்துக்கு இறங்கிவிடும்.

மைதானத்தில் பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். ஒரு நாள் அதற்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால் சார் ஹார்மோனியப் பெட்டியோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

“இன்னா சார் இது? அபாயச் சங்கு ஊதவே இல்லியே.”

“நீ அங்கனயே நின்னு கேளும்மா பாக்கியம். பானைக்குள்ள பாடுற மாதிரி இருக்கா, கெணத்துக்குள்ள பாடுற மாதிரி இருக்கா?”

“பானை சார்.”

“வாய் அகலமான பானையா, குறுகலா?”

குறுகல் என்றேன். அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். எதற்கு எழுதினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரக் குடும்பம் அவருடையது. அண்ணன்மார் எல்லாம் மண்டி வைத்திருந்தார்கள். இவரை மட்டும் இந்தக் கேள்வி கேட்கிற புத்தி இழுத்துக்கொண்டு வந்து காலேஜில் விட்டுவிட்டது. பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வார்: “தெரிஞ்ச மாதிரி தலையாட்டாதல. தெரியலைன்னு சொல்லு, ரெண்டு பேருமா பாப்போம்.”

என்னுடைய நிலைமையையும் இங்கே சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிற குடும்பம்தான். கட்டுமரம் போதவில்லை என்று ரங்கூன் போகிற கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணமாகி எட்டு மாதத்தில் போனவர். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு கப்பலைப் பற்றியும் தகவல் இல்லை, ஆளைப் பற்றியும் தகவல் இல்லை. குப்பத்துப் பெரியவர்கள் காரியம் செய்துவிடலாம் என்றார்கள். என் மாமியார் ஒப்பவில்லை. “கடலு ஒண்ணு குட்க்கணும். ஒரு துணி, ஒரு பலகை, இன்னாவோ ஒண்ணு. அது வராம என் வூட்ல அழுவக் கூடாது” என்றார். எங்களில் அப்படித்தான். ஆள் போனது உறுதியாகாமல் ஒப்பாரி வைத்தால், இருக்கிறவனை நாமே அனுப்பிவைத்த மாதிரி. அதனால் அவர் பேச்சையே வீட்டில் எடுக்காமல் பயந்து பயந்து இருந்தோம்.

அந்த வருஷம் சார் ஒரு செம்படவர் வீட்டுக் கதையை நாடகமாக எழுதினார். அதில் மகன் கடலோடு போய்விட, தாய் அழ வேண்டும். தாய் வேஷம் கோபாலுக்கு. ஒத்திகையில் அவன் அழுததைக் கேட்டுப் பெருக்கிக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

“ஏம்மா சிரிக்க?” என்றார் சார்.

“வயித்து நோவுக்காரன் மாதிரி கீது சார்.”

“அப்ப நீ அழுது காட்டு.”

மாட்டேன் என்றேன், ஏன் மாட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. மன்னிப்புக் கேட்டார். பிறகு, “ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? எது வந்தா அது ஒப்பாரி? ராகமா, வார்த்தையா, நெஞ்சுல அடிக்கிறதா?” என்றார்.

பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த அழுகை. அதை நான் ஒரு நாளும் அப்படி யோசித்ததில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டுப் போய்ச் சொன்னேன். “கூப்புடறது சார். மவனே, ராசான்னு கூப்ட்டாதான் அது ஒப்பாரி. கூப்புடலன்னா வெறும் பாட்டு.” அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். கூப்பிடுகிற இடத்தை விட்டுவிட்டு மீதியை நான் சொல்வது என்று முடிவானது. உலையில் எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று சொல்கிற குரலில் வரி வரியாகச் சொன்னேன். மெட்டை வாய் மூடி முனகிக் காட்டினேன். சார் பெட்டியில் பிடித்தார், கோபால் பிடித்துக்கொண்டான்.

*கலங்கரை வெளக்கணைஞ்சு கரை தெரியாக் காலத்துல*
*கட்டுமரம் திரும்பலையே, கண் தொறந்து காத்திருந்தேன்*

இதன் கடைசியில் ‘மவனே’ என்று கூப்பிடுவது கோபாலுடைய வேலை.

எல்லாவற்றையும் கேட்ட மனிதர் ஒன்றை மட்டும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. காலேஜ் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் குப்பம். நான் கொடுத்தது எங்கள் குப்பத்து மெட்டு. இரண்டு மணிக்குப் பெண்கள் எல்லாம் மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருப்பார்கள்.

நாடகத்தன்று கோபால் முதல் வரி எடுத்தான். நன்றாக எடுத்தான், அதுதான் வினை. மூன்றாவது ‘மவனே’யில் பின்கதவு திறந்தது. வெளிச்சத்தோடு என் மாமியாரும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். காலேஜுக்குள் குப்பத்து அழுகை கேட்கிறதென்றால், அங்கே இருக்கும் ஒரே குப்பத்துக்காரி நான். அப்படியானால் சேதி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் இதுவும் நாடகம் என்று கை தட்டினார்கள். மாமியார் மேடைக்கு முன்னால் விழுந்து, மகன் பெயரைச் சொல்லி, ஒப்பாரி வைத்துவிட்டார்.

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

“இன்னாடி சேதி? எவன் கொண்டாந்தான்? எனக்குச் சொல்லாம இங்க அழுதுகினு கீறியா?”

“சேதி ஒண்ணும் வரல அத்தே. இது நாடகம். அந்தப் புள்ள வேஷம் கட்டிகினு அழுவுது.”

மாமியார் மேடையைப் பார்த்தார். கோபாலுடைய சவுரி முடி தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. “கூத்து கட்ட எங்க வூட்டு அழுகைதான் கெட்ச்சிதா?” என்று என் கன்னத்தில் அறைந்தார்.

சார் ஹார்மோனியத்தை விட்டு இறங்கி வந்து தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். “அடிக்கிறதா இருந்தா என்னை அடிங்கம்மா. கேட்டு வாங்கினவன் நான்.”

“உன்ன அட்ச்சா இன்னா ஆவும் நைனா? பேரச் சொல்லி அழுதுட்டனே. உசுரோட கீறவன நானே கொன்னுட்டனே.”

சார்தான் கேட்டார். “சொன்னதத் திருப்பி எடுக்க உங்க சனத்துல வழி உண்டாம்மா?”

“துப்புன எச்சிய எவனாச்சும் முழுங்குவானா?” என்றாள் பின்னால் ஒருத்தி. மாமியார் அவளைக் கையமர்த்தினார். அவரிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். மேடைப் படுதாவின் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் அதைப் பிடித்தார்.

“கரைக்கு இஸ்துட்டா வந்தவன்தானே? வாங்கடி, இஸ்ங்க.”

படகைக் கரையேற்ற இழுக்கும் பாட்டு அது. எங்களில் ஆண்கள்தான் பாடுவார்கள், பெண்கள் கயிறு தொடுவதே இல்லை. அன்று மாமியார் மகன் பெயரைச் சொல்ல, பெண்கள் ஏலேலோ என்று இழுத்தார்கள். கோபால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து பிடித்தான். பிறகு மற்றப் பிள்ளைகள், பிறகு சார். படுதா ஏறி இறங்கி, கடைசியில் மூங்கிலோடு பெயர்ந்து விழுந்தது. “வந்துட்டான்” என்றார் மாமியார். முடியை முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

பிரின்சிபால் அந்த வருஷத்துக்கு நாடகமே கூடாது என்றுவிட்டார். சார் வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமியார் உட்காரச் சொல்லவில்லை. சார் நின்றபடியே கேட்டார். “உங்க மகன் துடுப்பப் பிடிக்கிறது வலது கையா, இடது கையா?”

“இன்னாத்துக்குக் கேக்கற?”

“தெரிஞ்சிக்கத்தான்.”

“எடது கை. அவங்கப்பன் எவ்ளோ அட்ச்சும் மாத்திக்கல” என்ற மாமியார், அவர் உட்காரப் பலகையை எடுத்துப் போட்டார்.

அதன் பிறகு சார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று கேட்பார். நாய்க்குப் பயப்படுவாரா? வலை பின்னும்போது பாடுவாரா, பேசாமல் பின்னுவாரா? காய்ச்சல் வந்தால் என்ன கேட்பார்? எட்டு மாதம் குடும்பம் நடத்திய எனக்கு என்ன தெரியும்? சாயங்காலம் மாமியாரைக் கேட்டு மறுநாள் போய்ச் சொல்வேன். பேச்சையே எடுக்கப் பயந்த வீட்டில் தினமும் அவர் பேச்சாகவே ஆனது. மாமியார் சாகும்வரை பேசிக்கொண்டிருந்தோம், சில நாள் விழுந்து விழுந்து சிரித்தோம். என் வீட்டுக்காரர் வரவில்லை. கடலும் இதுவரை ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி, சார் கேட்டதால் தெரிந்தது.

கோபால் சேதி சொன்னதும் சார் வீட்டுக்குப் போனேன், அங்கே கிறிஸ்தவக் கீர்த்தனை பாடினார்கள். எங்கள் அழுகையை அங்கே எடுக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. சாராக இருந்தால் கேட்டிருப்பார். நான் கேட்காமல் ஓரமாக நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

போன மாதம் சார் கடைக்கு வந்தபோதும் ஒன்று கேட்டார். கடலில் இறங்கும்போது என் வீட்டுக்காரர் எந்தக் காலை முதலில் வைப்பார் என்று. “தெரியாது சார். கேக்கறதுக்கு அத்தையும் இல்ல” என்றேன். “இருக்கட்டும், நெனப்பு வந்தா சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான். விடிந்ததும் மீன் எடுக்கக் கரைக்குப் போகும்போது, தண்ணீரில் இறங்குகிற ஆண்களின் காலைப் பார்க்கிறேன். பல பேர் வலது காலை வைக்கிறார்கள். இடது காலை வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.