பெட்டியைத் திறந்து காட்டியவன்

வீரக்குட்டி எந்தப் பையையும் மூட மாட்டான். அவன் ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து அவனுடைய அக்கா கனகாம்பிகை இதைப் பார்த்து வருகிறாள். வேலைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பையின் சிப்பை இழுத்து மூடாமல், வாயை விரித்து மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் இருப்பான். கடையை விட்டு வெளியே வரும்போது யாரும் கேட்காமலே பையைச் சரித்துக் காட்டுவான். எலும்பை உருக்கும் குளிரிலும் கைகளைக் கோட்டுக்குள் விடுவது குறைவு.

சென் ஜேம்ஸ் ரவுணில் அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் அதே மாடியில் இருந்த தங்கத்துரை இதை வைத்தே அவனைக் கேலி பண்ணுவார். “உன்ட சோத்துப் பார்சல ஊருக்கெல்லாம் காட்டுறாய். கருவாடு எண்டு தெரிஞ்சுதான் பஸ்ஸில உனக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கிறல்ல.”

வீரக்குட்டி சிரித்துவிட்டுப் போவான். கனகாம்பிகைக்குச் சிரிப்பு வராது. அந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்று அவளுக்குத் தெரியும். மட்டக்களப்பில், பழுகாமத்திலிருந்து ரவுணுக்குப் போகிற வழியில், துறையடியில் ஒரு இராணுவச் சோதனைச்சாவடி இருந்தது. ஒருநாள் வீரக்குட்டியும் பக்கத்து வளவு இரத்தினவேலும் ஒன்றாகத்தான் அதைக் கடந்தார்கள். இரத்தினவேலிடம் பன்றி சுடுவதற்கு லைசன்ஸோடு எடுத்த துவக்கு ஒன்று இருந்தது. அதை அரசாங்க அலுவலகமான கச்சேரியில் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனான். ஆனால் பயத்தில் நெல்லு மூட்டைக்கு அடியில் வைத்திருந்தான். மூட்டையைக் குத்திப் பார்த்தவர்கள் லைசன்ஸைப் பார்க்கவில்லை. இரத்தினவேல் திரும்பி வரவில்லை. அதே வரிசையில் கத்தியும் கோடரியும் கையில் தெரியப் பிடித்துக்கொண்டு நின்ற விறகுக்காரர்களைப் போக விட்டார்கள்.

அன்றைக்கு வீரக்குட்டி ஒன்றைப் படித்துக்கொண்டான். இருப்பதைக் காட்டினால் விடுவார்கள், ஒளித்தால் தொலைந்தோம். அந்தப் பாடத்தோடு எண்பத்து நாலில் ரொறன்ரோ வந்து சேர்ந்தான். மனைவி இராசமணியும் கைக்குழந்தையாக இருந்த மகளும் பழுகாமத்தில் நின்றுவிட்டார்கள்.

வந்த கொஞ்ச நாளிலேயே அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட றொபேட் ஒரு வயதான அமெரிக்கர், மனைவியை இழந்தவர். பெயின்ற் அடிப்பது, குப்பைக் குழாய் அடைத்தால் திறப்பது என்று எல்லாவற்றுக்கும் வீரக்குட்டியைத்தான் கூப்பிடுவார். அவனுக்கு நிரந்தரமாகத் தங்குவதற்கான லாண்டட் பேப்பர் வந்தபோது கேக் வாங்கிக்கொண்டு வந்தார். இராசமணிக்கும் மகளுக்கும் ஸ்பொன்சர் போட்டபோது வேலைக்கான சாட்சிக் கடிதம் கொடுத்தவரும் அவர்தான். எண்பத்தெட்டு வசந்தத்தில் அவர்களுடைய மெடிக்கல் முடிந்தது. விசா வரவேண்டியதுதான் மிச்சம். கனகாம்பிகை தான் வேலை செய்த தையல் ஆலையில் மிஞ்சிய துணியில் மருமகளுக்கு இரண்டு சட்டை தைத்து, அளவு தெரியாததால் மடிப்பை அகலமாக விட்டு வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் பென்சில்வேனியாவில் இருந்த றொபேட்டின் தமையன் இறந்தார். தகப்பன் வைத்திருந்த கைத்துப்பாக்கியைத் தம்பிக்கு என்று உயிலில் எழுதியிருந்தார். அதைக் கனடாவுக்குள் கொண்டுவருவது பெரிய பாடு. வெர்மொன்றில் றொபேட்டுக்கு ஒரு மரவீடு இருந்தது. அங்கே வைத்துவிடலாம் என்று நினைத்தார். அவருக்குக் கண் ஒப்பரேசன் செய்திருந்ததால் கார் ஓட்ட முடியாது. வீரக்குட்டியைக் கேட்டார். அக்காவும் வரட்டும், ஒரு நாளாவது ஊர் பார்க்கட்டும் என்றார். சாட்சிக் கடிதம் கொடுத்த மனிதரிடம் மாட்டேன் என்று சொல்ல வீரக்குட்டிக்கு வாய் வரவில்லை.

றொபேட் சட்டம் பார்க்காமல் புறப்படுகிறவர் அல்ல. பென்சில்வேனியாவில் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கலாம்; வெர்மொன்றிலும் வைத்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவே நியூயோர்க் மாநிலம் கிடக்கிறது. அங்கே அந்த மாநிலத்து லைசன்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கியைத் தொடவே கூடாது. ஆனால் வெளியாள் ஒருவர் ஊடே கடந்து போவதற்கு மத்திய சட்டம் வழி விட்டிருந்தது: துப்பாக்கியில் ரவை இருக்கக் கூடாது, பெட்டியில் பூட்டி டிக்கிக்குள் வைக்க வேண்டும், காருக்குள் இருப்பவர்களின் கைக்கு எட்டக் கூடாது. தமையனின் வீட்டு வாசலில் றொபேட் தன் கையாலே ரவைகளை வேறாக்கிப் பெட்டியைப் பூட்டி டிக்கிக்குள் வைத்தார். சாவியை வீரக்குட்டியிடம் கொடுத்து, வெர்மொன்ற் வரும்வரை அதைத் திறக்க வேண்டாம் என்றார். வீரக்குட்டி தலையாட்டினான். காரில் ஏறியபின் அக்காவுக்குத் தமிழில் சொன்னான், அவர் சொன்னதை ஒன்றும் விடாமல்.

நியூயோர்க் பெருந்தெருவில் மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடினார்கள். றொபேட் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு பின் சீற்றில் சரிந்து தூங்கிவிட்டார். கனகாம்பிகை முன்னால் இருந்து மாடுகளையும் வைக்கோல் உருளைகளையும் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு திருப்பத்தில் கார்கள் ஊரத் தொடங்கின. தூரத்தில் பொலிஸ் காரின் வெளிச்சம் சுழன்றது. தொப்பி போட்ட ஒருவர் தெருவில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

வீரக்குட்டியின் கழுத்து வேர்ப்பதை அவள் கண்டாள். அவன் காரை ஓரம் கட்டினான்.

“செக்கிங் போலக் கிடக்கு.”

“றொபேட்ட எழுப்பன், தம்பி.”

“மனுசன் மருந்து விட்டுட்டுக் கிடக்கு. டிக்கிக்குள்ள இருந்து அவங்கள் எடுத்தா ஒளிச்சதாத்தானே போகும். நாமளே காட்டினா விட்டுருவாங்கள்.”

அவள் மறுக்கவில்லை. அவளுக்கும் துறையடிதான் கண்ணுக்குள் வந்தது. அவன் இறங்கி டிக்கியைத் திறந்து, பெட்டியைக் கொண்டுவந்து, பூட்டைக் கழற்றி, மூடியைத் திறந்தபடி முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தான். ரவைப் பெட்டியையும் பக்கத்திலே வைத்தான், எல்லாம் ஒன்றாகத் தெரியட்டும் என்று.

கிட்டப் போனபோதுதான் தெரிந்தது, செக்கிங் இல்லை. சில்லுக் கழன்ற லொறி ஒன்று தெருவில் குறுக்கே கிடந்தது. பொலிஸ்காரர் கார்களை விலத்திப் போகச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர்களுக்கும் போ போ என்றுதான் காட்டினார். வீரக்குட்டி போகவில்லை. காரை அவருக்கு நேரே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்ரேறிங்கின் மேல் வைத்துக்கொண்டு, சேர் இதைப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

பிறகு நடந்ததெல்லாம் சத்தமாக இருந்தது. றொபேட் விழித்தபோது வீரக்குட்டி தெருவில் குப்புறக் கிடந்தான். மூன்று பேரையும் கொண்டுபோனார்கள். யார் பெட்டியை எடுத்தது, யார் திறந்தது என்று கேட்டதற்கெல்லாம் வீரக்குட்டி ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். நான்தான் எடுத்தேன், அவர் நித்திரை, அக்கா ஒன்றையும் தொடவில்லை. கனகாம்பிகையையும் றொபேட்டையும் பொழுதுபடுவதற்குள் விட்டார்கள். வீரக்குட்டியைச் சிறையில், மறியலில் வைத்தார்கள். லோயர் வந்தபோது அவர் காப்பாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. டிக்கிக்குள்ளே பூட்டியிருந்தால் சட்டம் அவன் பக்கம். வெளியே எடுத்தவன் அவனே, சொன்னவனும் அவனே.

பொலிஸ் நிலையத்து வாங்கில் அமர்ந்திருந்தபடி றொபேட் அவளைப் பார்த்து ஏன் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்குப் பதில் தெரியும். ஆனால் அவளிடம் இருந்த ஆங்கிலம் தையல் ஆலைக்குப் போதும், இதற்குப் போதாது. அவருடைய கையை ஒருமுறை தொட்டாள்.

பிணையில் வந்து வழக்குக்குப் போய்த் திரும்பியதிலேயே அந்த வருடம் கழிந்தது. நீதிபதி அவனை மறியலுக்கு அனுப்பவில்லை. குற்றவாளி என்று எழுதி, நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டுக் கனடாவுக்குத் திருப்பினார். வீரக்குட்டி அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டான். ரொறன்ரோவின் மல்வேர்ன் பக்கமிருந்து அகதிகளுக்கு மொழிபெயர்க்கப் போகும் சூசைதாசன் மாஸ்டர்தான், குடிவரவு அலுவலகத்தில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து, நடந்ததை விளங்கப்படுத்தினார். துப்பாக்கிக் குற்றம் என்றபடியால் அவன் கனடாவில் இருப்பதே இப்போது விசாரணைக்கு வந்துவிட்டது.

“அப்ப பெஞ்சாதி பிள்ளையின்ர ஃபைல், மாஸ்டர்?” என்று கேட்டவள் கனகாம்பிகைதான். அந்நியர் முன்னால் அவள் வாய் திறப்பது அரிது.

“வீட்டுக்காரனுக்கே வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்திருக்கேக்க, விருந்துக்கு ஆளைக் கூப்பிடேலாது, பிள்ளை. அதை மூடிப்போட்டாங்கள்.”

அதன் பிறகு வீரக்குட்டி வீட்டில் பேசுவது குறைந்துவிட்டது.

இராசமணியிடம் அவன் சொல்ல மாட்டேன் என்றான். அவள் ரவுணுக்கு வந்து போன் உள்ள ஒரு கடையில் காத்திருந்த நாளில், போனை எடுத்துக் கனகாம்பிகைதான் எல்லாவற்றையும் சொன்னாள். மற்றப் பக்கத்தில் கடைக்காரர் யாரோடோ விலை பேசுவது கேட்டது. இராசமணி முழுவதையும் கேட்டு முடித்தபின்தான் பேசினாள்.

“அவர் ஒளிக்கல்லத்தானே, மச்சி? காட்டினவர்தானே? பிறகென்ன?”

அது அங்கே வேறு மாதிரி என்று கனகாம்பிகை சொன்னாள். எப்படி வேறு மாதிரி என்று இராசமணி கேட்டாள். லைன் அறும்வரை கனகாம்பிகை சொல்லிக்கொண்டிருந்தாள். இராசமணிக்கு விளங்கியிருக்காது என்றுதான் அவள் நினைக்கிறாள்.

றொபேட் வேலையை விட்டு வெர்மொன்றுக்கே போய்விட்டார். துப்பாக்கியை நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கவில்லை. அவருடைய இடத்துக்குப் புதிதாக வந்த சுப்பரின்டென் வீரக்குட்டியை வேலையில் வைத்திருக்கவில்லை. இப்போது அக்காவும் தம்பியும் மல்வேர்னில் ஒரு நிலக்கீழ் அறையில் இருக்கிறார்கள். அவன் எக்லிங்ரன் வீதியில் ஒரு ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவுகிறான். நாடுகடத்தும் கட்டளைக்கு எதிரான அப்பீல் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. வந்தாலும் வெல்லாது என்று சூசைதாசன் மாஸ்டர் சொல்லிவிட்டார். இராசமணி பழுகாமத்தில் இருக்கிறாள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். தகப்பனை அவளுக்கு ஞாபகம் இல்லை.