கன்னத்தைத் தூக்க ஒரு கை

"நல்லா இருக்கு" என்று அக்கா கையால் சொன்னாள். ஸ்கேன் மேசையில் படுத்திருந்தவள் அழத் தொடங்கினாள்.

அந்தப் பெண்ணுக்குக் காது கேட்காது. ஏழு மாதக் கர்ப்பம். சட்டை தைக்கும் இடத்தில் வேலை என்பதால் அவளுடைய கூட்டத்தில் அவள் பெயர் பொத்தான்: இரண்டு விரலைச் சேர்த்து மார்பில் ஒரு தட்டு. என் அக்கா அந்த மருத்துவமனையில் சைகை மொழிபெயர்ப்பாளர். குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அக்கா விரித்த கையை மார்பில் வைத்து முன்னே கொண்டுவந்தாள். பிழையே இல்லாத சைகை. ஆனால் ஐம்பத்தேழு வயதில் அக்காவின் கன்னங்கள் இறங்கி, உதட்டோரங்களையும் கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தன. கை "நல்லா இருக்கு" என்றது. முகம் "அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க" என்றது. பொத்தான் முகத்தை நம்பினாள்.

தாளில் எழுதிக் காட்டி அவளைத் தேற்ற அரை மணி நேரம் ஆனதாம். மறுநாள் மேலாளர் அக்காவைக் கூப்பிட்டார். இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை. இன்னொரு முறை நடந்தால் பிரசவ வார்டுக்கு வேறு ஆளைப் போடுவதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னாராம், அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது.

அக்கா இந்த மொழியை வகுப்பில் படித்தவள் அல்ல. இருபத்திரண்டு வயதில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனாள். ஒரு பிள்ளை வந்து என்ன வேண்டும் என்று புரியவைப்பதற்குள் இடைவேளை முடிந்து மணி அடித்துவிடும். அது பொறுக்காமல் அவர்களிடமே கற்றுக்கொண்டாள். அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் புருவம்: புருவத்தின் மேல் ஒரு விரல் கோடு. காரணம் உண்டு. "நல்லா இருக்கு" என்ற சைகையைச் செய்துகொண்டே புருவத்தை உயர்த்தினால் அது "நல்லா இருக்கா?" ஆகிவிடும். நமக்குக் கடைசி எழுத்து செய்கிற வேலையை அவர்களுக்குப் புருவம் செய்கிறது. அந்தப் புருவ வேலையில் அக்காவை மிஞ்ச ஆள் இல்லை.

அவள் ஒரு நாட்டில், நான் இன்னொரு நாட்டில். அவள் கணவருக்குக் கப்பல் வேலை, கரைக்கு வர நான்கு மாதம் இருந்தது. "முகத்தைத் தூக்கித் தைக்கிற டாக்டரைப் பார்க்கப் போறேன். துணைக்கு வர்றியா?" என்று போனில் கேட்டாள்.

"இந்த வயசுல உன் முகத்தை யாரு பாக்கப் போறாங்கக்கா?"

"என் முகத்தைப் பாக்கறதுக்குத்தான்டா எனக்குச் சம்பளம்."

என் வேலைக்கு ஒரு மேசை போதும் என்பதால் மடிக்கணினியோடு கிளம்பினேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை இரண்டு மொழிகளில் எழுதுவது என் வேலை. பக்க விளைவுகளை எழுதி எழுதி எந்த மருந்தையும் தொடப் பயப்படுகிறவன். விமானம் இறங்குவதற்குள் முக நரம்பின் ஐந்து கிளைகளும் எனக்கு மனப்பாடம்.

டாக்டர் அக்காவைவிட இளைய பெண். அக்காவைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து மேலே தள்ளிப் பிடித்தார்.

"ஆபரேஷன் பண்ணா ஏறக்குறைய இப்படி. மெஷின் போதும்னு நினைச்சு வர்றவங்க நிறைய. அது தோலுக்கு அடியில சூடு கொடுக்கும், கொஞ்சம் இறுகும். வெட்டு இல்ல, மறுநாளே வேலைக்குப் போகலாம். ஆனா இறக்கம் ஆரம்பிக்கிற முகத்துக்குத்தான் அது சரி. உங்களுக்குத் தாடை ஓரம் வரைக்கும் வந்துடுச்சு. மூணு மாசம் காத்திருந்தாலும் பெருசா தெரியாது."

"ஆபத்து கம்மி இல்லையா டாக்டர்?" என்றேன் நான்.

"கம்மி. பலனும் கம்மி." அவர் என்னைப் பார்க்காமல் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தார். "ஆபரேஷன்னா காதைச் சுத்தி வெட்டி, தோலுக்குக் கீழ இருக்கிற படலத்தை இழுத்துத் தைக்கணும். வீக்கம் ரெண்டு மூணு வாரம். காதோரம் மாசக்கணக்குல மரத்துக் கிடக்கும்."

"நரம்பு?" என்று கேட்டாள் அக்கா.

"என்கிட்ட ரெண்டு பேருக்கு வாயோரம் ஒரு பக்கம் சோர்ந்து போச்சு. ரெண்டும் சில வாரத்துல திரும்பிடுச்சு. திரும்பாமலே போறதும் உண்டு, அபூர்வமா. உங்களுக்கு அப்படி ஆகாதுன்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்."

"புருவத்துக்குப் போற நரம்பு எங்க இருக்கு?"

டாக்டர் அவள் நெற்றிப்பொட்டைத் தொட்டார். "இங்க. தோலுக்கு ரொம்பக் கிட்ட."

"அதுதான் டாக்டர் என்னோட கேள்விக்குறி."

அவருக்குப் புரியவில்லை. "கன்னத்தை விட்டுடாதீங்க, அப்படியே பிடிங்க," என்று அக்கா சொல்லி, கண்ணாடியைப் பார்த்து இரண்டு கையாலும் பேசிக் காட்டினாள். வலிக்கிறது. வலிக்கிறதா? ரொம்ப வலிக்கிறதா? மூன்றுக்கும் கை ஒன்றுதான். புருவம் ஏறியது, கன்னம் உப்பியது, அவ்வளவுதான் வித்தியாசம். டாக்டர் வெகு நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு, "இப்ப நீங்க முடிவு சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசிங்க," என்றார்.

வீட்டில் நாங்கள் யோசிக்கவில்லை, சண்டை போட்டோம். ஒரு புருவம் எழாமல் போனால் எந்த வார்டிலும் வேலை இல்லை என்றேன். இப்போது மட்டும் என்ன வாழுதாம் என்றாள். மெஷினையாவது செய்து பார் என்று கெஞ்சினேன். தாழ்வாரக் கண்ணாடி முன்னால் அவள் பிளாஸ்டரால் கன்னத்தை இழுத்து ஒட்டிக்கொண்டு நிற்பாள். நான் வந்தால் பிய்த்துவிடுவாள். பிய்த்த இடம் சிவந்திருக்கும்.

"முதல்ல பொத்தான் பெத்து முடிக்கட்டும்," என்றாள் கடைசியில். பொத்தான்தான் மேலாளருக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்: பிரசவத்துக்குப் புருவம்தான் வேண்டும், வேறு யாரும் வேண்டாம். அழுதவளே இப்படி எழுதியது அக்காவை இன்னும் கலக்கியது.

ஐந்து வாரம் கழித்து ஒரு மதியம் அவள் வார்டிலிருந்து திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"குழந்தை?" என்றேன்.

"நல்லா இருக்கு. பொண்ணு. தண்ணி கொடு."

குடித்துவிட்டுச் சொன்னாள். குழந்தை வந்ததும் சுத்தம் செய்ய அறையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முதலில் சத்தம் இல்லை. அப்புறம் வீறிட்டு அழுதது. அறையில் இருந்த எல்லாருக்கும் மூச்சு வந்தது. பொத்தானுக்கு மட்டும் அந்த அழுகை இல்லை. அவளுக்கு இருந்தது அக்காவின் முகம் ஒன்றுதான்.

"நல்லா இருக்குன்னேன். அவ தலையை ஆட்டுறா, இல்லைன்னு. மறுபடியும் சொன்னேன். எழுந்துக்கப் பாக்கறா, ரத்தம் போயிட்டு இருக்கு, நர்ஸ் தோளை அமுக்கறா. என்ன செய்யறதுன்னு தெரியல. இந்தக் கையால என் கன்னத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, இந்தக் கையால சொன்னேன்."

"நம்பினாளா?"

"சிரிச்சுட்டா. அந்த வலியிலயும் சிரிச்சா." அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள். "அப்புறம் பொண்ணா பையனா, எவ்வளவு எடை, கை கால் சரியா இருக்கான்னு வரிசையா கேக்கறா. அதெல்லாம் ரெண்டு கையால சொல்ற விஷயம். கையை எடுத்தா கன்னம் விழுது. கன்னம் விழுந்தா அவ முகம் மாறுது."

நான் தம்ளரை எடுத்து மறுபடி தண்ணீர் நிரப்பி வைத்தேன்.

"மெஷின் ஒரு விரல் தூக்கும்டா. எனக்கு ஒரு கை தூக்கணும். வெட்டத்தான் போறேன்."

"புருவம் போச்சுன்னா?"

"போச்சுன்னா அழுவேன். இப்படியே இருந்தா வேற ஒருத்தி அழறா."

மூன்று வாரம் கழித்து நாள் குறித்தார்கள். காலையில் சக்கர நாற்காலியில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "ஒண்ணும் ஆகாதுக்கா," என்றேன்.

"வாய் ஆகாதுங்குது. உன் மூஞ்சி ஆகும்ங்குது," என்றாள். "மூஞ்சியைக் கழுவிட்டு வா."

நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காத்திருப்பு அறையில் எத்தனை நாற்காலி என்று எனக்கு இன்றும் தெரியும். டாக்டர் வெளியே வந்து, நினைத்தபடி முடிந்தது, வாயோரத்தைப் பற்றி இன்று கேட்காதீர்கள், வீக்கம் வடிந்தால்தான் தெரியும் என்றார். புருவத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

தலையைச் சுற்றிக் கட்டு. கட்டுக்குள் வீங்கிய, எனக்குத் தெரியாத ஒரு முகம். நர்ஸ் சொட்டு மருந்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கண் பாதி திறந்து என்னைத் தேடிப் பிடித்தது. போர்வைக்கு அடியிலிருந்து வலது கை மெதுவாக வந்தது. விரித்த கை மார்பைத் தொட்டு, முன்னே நகர்ந்தது.

நல்லா இருக்கு என்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு கட்டின் விளிம்பைப் பார்த்தேன். அதற்குக் கீழே இரண்டு புருவங்களும் உயர்ந்திருந்தன. ஒரே உயரத்தில்.

அவள் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் விரித்த கையை மார்பில் வைத்து முன்னே கொண்டுவந்து பதில் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, நம்பாமல், தலையைத் தலையணையில் இப்படியும் அப்படியும் ஒரு அங்குலம் அசைத்தாள். அதனால் இடது கையால் என் கன்னத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மறுபடி சொன்னேன்.

"அவங்களைச் சிரிக்க வைக்காதீங்க சார்," என்றாள் நர்ஸ். "தையல் இருக்கு."