தொழிற்பேட்டை ரோட்டில் நாலாவது கடை

பொன்னேரி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பலகை போட்டுத்தான் பேப்பர் கடையை ஆரம்பித்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் வேறென்ன செய்வது? பேப்பர் வாங்க வந்தவர்கள் தண்ணீர் பாட்டில் கேட்டார்கள், வைத்தேன். பிஸ்கட், சோப்பு, போன் சார்ஜர் என்று கேட்கக் கேட்கப் பலகை பெட்டிக்கடையானது, பெட்டிக்கடை ஷட்டர் போட்ட கடையானது. பிறகு அத்திப்பட்டில் ஒன்று, மணவாள நகரில் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே பச்சை போர்டு. பார்க்கிறவர்கள் வளர்ச்சி என்றார்கள். எனக்கோ ஒவ்வொரு ஷட்டரும் கவலைப்பட இன்னொரு இடம். பொன்னேரியில் உட்கார்ந்துகொண்டு, மணவாள நகரில் ஃப்ரிட்ஜ் நின்றுபோயிருக்குமோ என்று போன் போடுவேன். எடுக்கவில்லை என்றால் கடை தீப்பிடித்துவிட்டது என்றே முடிவு கட்டிவிடுவேன்.

நாலாவது கடை என் தம்பியின் ஆசை. அத்திப்பட்டுப் பக்கம் பவர் பிளான்ட்டில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் வேலையை விடப்போகிறேன் என்று வந்து நின்றான். அவனுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. வேலையை விடாதே, லீவு போட்டுப் பார் என்று கெஞ்சினேன், கேட்கவில்லை. கான்ட்ராக்டர் நல்ல மனுஷன். மாதக் கடைசிவரை அந்த இடத்துக்கு ஆள் எடுக்கமாட்டேன், மனசு மாறினால் வா என்று சொல்லி அனுப்பினாராம். அந்த மாதக் கடைசியை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேப்பர் கட்டோடு, அன்றைய தலைப்புச் செய்தியைப் பெரிய எழுத்தில் அச்சடித்த போஸ்டரும் வரும். அதைக் கடை முகப்பில் கம்பித் தட்டியில் மாட்டிவிட்டுத்தான் கட்டைப் பிரிப்போம். பொன்னேரியில் அதைப் படிக்கவே ஜனம் நிற்கும், நின்றவர்கள் ஏதாவது வாங்குவார்கள். கும்மிடிப்பூண்டியிலும் அப்படியே முகப்பு முழுக்க வரிசையாக மாட்டினோம்.

ஷிப்ட் விட்டு ஆட்கள் சாரை சாரையாகப் போனார்கள். எங்களைத் தாண்டிப் போய், தள்ளியிருந்த இன்னொரு கடையில் நின்றார்கள். தம்பி கல்லாவில் உட்கார்ந்து போனில் குழந்தை போட்டோவைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் தினமும் ரயிலேறிப் போய், சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல, யாராவது வந்தார்களா என்று கேட்பேன்.

"உன் மூஞ்சப் பாத்தா வர்றவன்கூட ஓடிடுவான், ஊட்டுக்குப் போண்ணா" என்றான் ஒருநாள்.

மாதம் முடியப் போகிற சமயம், வேலை முடிந்து வந்த ஒருவர் கடை வாசலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். தம்பிக்குப் பிளான்ட்டில் வடக்கத்தி ஆட்களோடு பழகிக் கொஞ்சம் இந்தி வரும். இறங்கிப் போய்ப் பேசினான். திரும்பி வந்தவன் போஸ்டர்களைக் கழற்ற ஆரம்பித்தான்.

"இன்னாடா பண்றே?"

"சோப்பு எங்க கெடைக்கும்னு நம்ம கடை வாசல்ல நின்னுக்கினு என்னையே கேக்கறாரு. இது பேப்பர் ஆபீஸ்னு நெனச்சாராம். இந்த ரோட்டுல போறதுல பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராதுண்ணா. நாம இருக்கற சரக்கையெல்லாம் போஸ்டரால மூடி வெச்சுக்கினு உக்காந்துக்கினு இருக்கோம்."

போஸ்டர் மாட்டாத கடைக்கு ஏஜென்ட் பேப்பர் கொடுப்பாரா? கோபத்தில் பொன்னேரிக்கும் நிறுத்திவிட்டால்? ஒன்றாவது இருக்கட்டும் என்று தட்டியைப் பிடித்துக்கொண்டேன். எனக்காக ஒன்றைப் பக்கச் சுவரில் மாட்டினான். தட்டியில் சோப்பு, ஷாம்பு சரம், பனியன், துண்டு என்று தொங்கவிட்டான்.

அன்று சாயங்காலம் நாலைந்து பேர் வந்தார்கள். மறுநாள் அவர்களே இன்னும் சிலரைக் கூட்டி வந்தார்கள். கூட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் தம்பிக்குப் போனைப் பார்க்க நேரமில்லை.

மாதக் கடைசியில் கான்ட்ராக்டர் போனில் கூப்பிட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். திரும்ப வேலைக்கே போய்விடு என்று கையைக் காட்டினேன். இந்த வடக்கத்தி ஆட்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போய்த் திரும்பாவிட்டால்? கம்பெனி ஆளைக் குறைத்துவிட்டால்? தம்பி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வாங்க வந்தவருக்கு ஒரு துண்டை உதறிக் காட்டியபடி, "வேற ஆளப் போட்டுக்கங்க சார், நான் வர்ல" என்றான்.

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அங்க நின்னுக்கினு இன்னா கையாட்டறே? ஊதாக் கலர் கேக்கறாரு, மேலேர்ந்து எடுத்துக் குடு."

ஸ்டூலில் ஏறினேன். கான்ட்ராக்டர் இன்னொரு தடவை கூப்பிடமாட்டாரா என்று என் காது அந்தப் போனிலேயே இருந்தது.