அல்பிரட் அண்ணையும் ஜிம்மியின் பன்னிரண்டு தடிகளும்

செய்தி வந்தபோது நான் மருந்து கட்டும் அறையில் ஒரு கிழவரின் காற்புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். தொலைபேசியை எடுத்த பணிப்பெண் வாசலுக்கு வந்தாள். "அல்பிரட் அண்ணை மோசம் போயிட்டாராம், மிஸி" என்றாள். காலையில் தேநீர் குடித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லையாம். நான் துணியைச் சுற்றி முடித்தேன். முடிச்சு சரியாக வரவில்லை. அவிழ்த்துத் திரும்பவும் கட்டினேன். "ஆர் பிள்ளை?" என்று கிழவர் கேட்டார். எங்கள் அம்புலன்ஸ் சாரதி என்றேன். அவர் ஓய்வுபெற்று மூன்று வருடமாகியும் எனக்கு அப்படித்தான் வாயில் வந்தது.

ஊர்காவற்றுறையில் அவரை அறியாதவர்கள் குறைவு. தலைமுறை தலைமுறையாகக் கடற்றொழில் செய்த குடும்பத்தில் பிறந்தும், வள்ளத்தில் ஏறினால் தலைசுற்றும் என்பதால் வண்டி ஓட்ட வந்தவர். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். நான் அயல்தீவு மடத்துவெளிக்காரி. இங்கே தாதியாக வேலைக்கு வந்த புதிதில், பிரசவ வலியோடு ஒரு பெண்ணை யாழ்ப்பாணம் கொண்டு போகவேண்டியிருந்தது. கடலை ஊடறுத்துப் போகும் அந்த வீதியில் அன்று பள்ளம் இல்லாத இடம் பார்த்துச் சில்லு வைப்பதே பெரிய வேலை. கெதியாப் போங்கோ, கெதியாப் போங்கோ என்று நான் பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தேன். அவர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"மிஸி, நீர் பிள்ளையைப் பாரும். நான் பள்ளத்தைப் பாக்கிறன். ரெண்டுபேரும் றோட்டைப் பாத்தால் பிள்ளையை ஆர் பாக்கிறது?"

அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம். எனக்குத்தான் அன்று முழுவதும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வாய் முந்திக்கொள்ளும் சாதி நான். வீட்டிலும் அதற்கு நிறைய வாங்கிக் கட்டியிருக்கிறேன். அல்பிரட் அண்ணை மட்டும் அதைக் குற்றமாகச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு ஹோர்ன் வேண்டும்தானே என்பார்.

சண்டை நின்று பாதை திறந்த காலத்தில் பிரான்சிலிருந்து அவருடைய மகள் வந்தாள். மனைவி இறந்த பிறகு அவருக்கு வீட்டில் துணை ஜிம்மி என்ற மண்ணிற நாய் ஒன்றுதான். ஒரு காது கிழிந்த, கண்டதற்கெல்லாம் குரைக்கும் சாதாரண ஊர்நாய். மகள் கொண்டுவந்த வீடியோவில் பேத்தியின் நாய் ஒரு போட்டியில் ஓடியது. வரிசையாக நட்ட பன்னிரண்டு தடிகளுக்குள் இடமும் வலமுமாக, பாய் பின்னுவதைப்போல, ஒரு தடியும் விடாமல் நுழைந்து வெளியே வந்தது. கூட்டம் கைதட்டியது. எங்கடை நாயளுக்குக் குரைக்க மட்டும்தான் தெரியும் என்று மகள் விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். அவள் விமானம் ஏறிய கிழமையே அல்பிரட் அண்ணை வளவில் தடி நட்டார்.

நட்டது என்ன தடி என்கிறீர்கள்? பூவரசங்கதியால். வேலிக்கு வெட்டியதில் மிஞ்சியவை. மாரி பிறந்தது; பன்னிரண்டும் தளிர்த்துவிட்டன. இலையைக் கண்ட ஜிம்மி, ஓடுவதை விட்டுவிட்டு ஒவ்வொன்றிலும் காலைத் தூக்கத் தொடங்கியது. ஊரே வந்து பார்த்துச் சிரித்தது. அவர் கோபிக்கவில்லை. "நான் நட்டது வேலி. அவன் செய்தது சரிதானே" என்று சொல்லி, எல்லாவற்றையும் பிடுங்கிக் கொண்டுபோய் உண்மையிலேயே வேலியில் நட்டார். பிறகு காய்ந்த தடிகளைச் சீவி எடுத்தார்.

பழக்கிய விதத்தை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். முதலில் தடிகளை இரண்டு வரிசையாக நட்டு, நடுவில் ஒரு ஒழுங்கைபோல இடம் விட்டார். ஜிம்மி அதற்குள் நேராக ஓடினால் போதும். மறுமுனையில் நெத்தலிக் கருவாட்டோடு அவர் நிற்பார். கிழமைக்கு ஒரு விரற்கடை அளவு ஒழுங்கையை ஒடுக்கினார். இடம் ஒடுங்க ஒடுங்க நாய் தானாகவே உடம்பை வளைக்கப் பழகியது. நாலு மாதத்தில் இரண்டு வரிசையும் ஒரே வரிசையாகிவிட்டது. ஜிம்மி முதல் தடியைத் தன் இடத்தோளுக்கு விட்டு உள்ளே நுழைந்து, பன்னிரண்டையும் முடித்துக்கொண்டு வந்தது.

ஒரு குறை மட்டும் மிச்சமிருந்தது. நடுவில் யாராவது கூப்பிட்டால் குழம்பிவிடும். குழம்பினால் வலப்பக்கமாகப் பெரிய வட்டம் ஒன்று அடித்து முதல் தடிக்கு ஓடும். அதனால் வளவில் யாரும் வாய் திறக்கக்கூடாது என்பது சட்டம். நான் போனால் முதலில் என்னைத்தான் பார்ப்பார். "கதையாதையும் மிஸி. அவன் முடிக்கட்டும்." இதை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

கோயில் பெருநாளை ஒட்டி நடக்கும் விளையாட்டுப் போட்டியில் ஜிம்மியை ஓடவிடுவதாக இருந்தது. அதற்கு முந்திய ஞாயிறு பின்னேரம் மைதானத்தைப் பழக்கவென்று கூட்டிப்போனார்; நானும் போனேன். பின்வீதியால் நடந்தோம். ஜிம்மி முன்னால் ஓடியது. வளைவு திரும்பியதும் அண்ணை அப்படியே நின்றார்.

வீதியின் வலப்பக்கம் ஆட்கள் விட்டுப்போன வளவுகள். மிதிவெடி அகற்றுபவர்கள் அங்கே எல்லை குறிக்கத் தொடங்கியிருந்தார்கள். முனையில் சிவப்பு பூசிய தடிகள் வீதியோரமாக வரிசைக்கு நின்றன. நாடா இன்னும் கட்டப்படவில்லை. ஞாயிறு என்றபடியால் வேலையாட்களும் இல்லை. ஜிம்மி அந்த வரிசையைக் கண்டது. முதல் தடியை இடத்தோளுக்கு விட்டு உள்ளே நுழைந்தது.

ஒரு வளைவு வீதிப்பக்கம். அடுத்த வளைவு வெடிப்பக்கம். இடையில் குழப்பினால் வலப்பக்கம் வட்டமடிக்கும். அந்த வட்டம் முழுக்க வெடிநிலம்.

அல்பிரட் அண்ணை என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வீதியால் ஓடினார். நீரிழிவு வருத்தக்காரர், கால் வீங்கிய மனிதர், அப்படி ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நாயைத் தாண்டிப் போய் வரிசையின் முடிவில் நின்றார். கருவாடு இல்லாத கையைப் பொத்திப் பிடித்தார். கூப்பிடவில்லை. மூச்சு வாங்குவதைக்கூட வாயை மூடிக்கொண்டு செய்தார்.

ஏழு, எட்டு, ஒன்பது. வளவில் பன்னிரண்டோடு முடியும். இங்கே அதற்கு அங்காலும் தடிகள் இருந்தன. பன்னிரண்டைத் தாண்டிப் பதின்மூன்றாவதில் ஜிம்மி தயங்கியது. வெடிப்பக்கத்தில் தலையை நிமிர்த்தி, இனி எங்கே என்று கேட்பதுபோல நின்றது. என்னால் பொறுக்க ஏலவில்லை. நான் கூப்பிட்டேன்.

"ஜிம்மி!"

முன்கால் ஒன்றைத் தூக்கியபடி அது என்னைத் திரும்பிப் பார்த்தது. அண்ணையும் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். பயம்தான் இருந்தது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன். ஜிம்மி தலையைத் திருப்பியது. தூக்கிய காலை அடுத்த தடிக்கு இந்தப் பக்கம் வைத்தது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மிச்சம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போய், அவருடைய வெறும் கையை மோந்து பார்த்தது.

அண்ணை வீதியிலேயே இருந்துவிட்டார். நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார். நானும் அழுதேன். அண்ணை, நான் கூப்பிட்டிட்டன், நான் கூப்பிட்டிட்டன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஓம், கூப்பிட்டனீர்" என்றார். ஜிம்மியின் தலையைத் தடவியபடி, "அது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். அவன் சொல்லமாட்டான்" என்றார்.

அன்று பொழுதுபடமுன்னரே வளவிலிருந்த தடிகளைப் பிடுங்கிக் குசினிக்குள் விறகாகப் போட்டார். பெருநாள் போட்டிக்கு ஜிம்மி ஓடவில்லை. தடியைக் கண்டால் நுழையச் சொல்லிக் குடுத்தது நான், தடிக்கு அங்காலை என்ன எண்டு நாய்க்கு என்ன தெரியும் என்று, காரணம் கேட்டவர்களுக்குச் சொன்னார். தன் பிழையைச் சந்தியில் நின்று சொல்ல அவர் வெட்கப்படவில்லை. என் பங்கு வரும்போது மட்டும் கதை மாறிவிடும். மிஸி ஒரு சத்தம் போடவில்லை, நானென்றால் கத்தியிருப்பேன், அவ நிண்ட நிலையிலைதான் நாய் தப்பினது என்பார். ஆஸ்பத்திரியில், கோயிலில், தேநீர்க் கடையில் எல்லாம் இதையே சொன்னார். வாய்க்காரி என்று என்னைச் சொன்ன ஊர், அதன் பிறகு அவசரமான வேளைகளில் என் முகத்தைப் பார்த்து நின்றது. ஷெல் சத்தம் திரும்பவும் கேட்கத் தொடங்கிய நாட்களில், பயந்து வந்தவர்களுக்கு நடுவில் நான் பதறாமல் நின்று வேலை செய்திருக்கிறேன். அவர் சொன்ன அந்தப் பெண்ணாக இருக்கவேண்டுமே என்ற நினைப்பில்தான் அப்படி நின்றேன்.

செத்தவீட்டிலும் அந்தக் கதையைச் சொன்னார்கள். பிரான்சிலிருந்து வந்த மகள் என் கையைப் பிடித்து, அப்பா உங்களைப்பற்றிச் சொல்லாத கடிதம் இல்லை அக்கா என்றாள். பெட்டியருகில் ஜிம்மி படுத்திருந்தது, வாய் நரைத்துவிட்டது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதனால் அவரை அறிந்த உங்களுக்கு இந்த நினைவுமலரில் எழுதுகிறேன். அன்று நான் கூப்பிட்டேன். உரத்துக் கூப்பிட்டேன். அல்பிரட் அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது எனக்காக அவர் சொன்ன ஒரு பொய். அதற்குத் தக்கபடி நடக்க ஆறு வருடமாகப் பாடுபடுகிறேன், இன்னும் முடிந்தபாடில்லை.