பூத்தட்டம் வராத நாட்கள்

எனக்கும் கைத்தொலைபேசிக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. வங்கிக்குப் போனால் தொலைபேசியைப் பாருங்கள் என்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதையே சொல்கிறார்கள். முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து அலுவலகமொன்றில் முப்பது வருடம் தட்டச்சு செய்து ஓய்வுபெற்றவள் நான். விரல்கள் இன்னும் ஓடும். ஆனால் அந்தக் கண்ணாடியைத் தொட்டால் நான் கேட்காததெல்லாம் திறக்கும். கனடாவிலிருக்கும் மகள் பொறுமையாகச் சொல்லித் தருவாள். அந்தப் பொறுமைதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

அதில் நான் மனம்வைத்துச் செய்த வேலை ஒன்றே ஒன்று. காலையில் சுவாமிக்கு வைக்கும் பூக்களைப் பித்தளைத் தட்டத்தில் அடுக்கி, பின்மதிலில் வைத்துப் படமெடுத்து, ஒரு குழுவில் போடுவேன். குழுவில் என்னோடு பதினொரு பெண்கள். ஆளையாள் கண்டதில்லை. ஒருத்தி லண்டனில், ஒருத்தி கொழும்பில், ஒருத்தி தம்பலகாமத்தில், மற்றவர்கள் எங்கெங்கோ. அவரவர் ஊரில் விடிய விடியத் தட்டங்கள் வரும். என்னுடையதில் எப்போதும் செவ்வரத்தை; படலை திறந்திருந்தால் ஊருக்குள் திரியும் மான்கள் வந்து தின்றது போக மிஞ்சியது. தம்பலகாமத்துக்காரி குளத்துத் தாமரை வைப்பாள். அவளுடைய முகப்படத்தில் ஒரு கொக்கு நின்றது.

என் கணவருக்கு அது பெரிய பகிடி.

"உம்மட கொக்கு வந்திட்டுதோ?" என்று தேநீரோடு வந்து கேட்பார். "அது மீசை வைச்ச கொக்கோ ஆருக்குத் தெரியும்?"

"மீசை இருந்தா என்ன, தாமரை வடிவாத்தானே இருக்கு" என்பேன்.

ஆனால் அவர் கேட்டது உள்ளுக்குள் உறுத்தும். ஆறு வருடப் பழக்கம். அவளுடைய மகளுக்குக் காய்ச்சல் என்றால் எனக்குத் தெரியும், என் முழங்கால் வலி அவளுக்குத் தெரியும். இருந்தும் கண்ணால் காணாத ஒருத்தியைச் சிநேகிதி என்று வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

போன வருடம் ஒரு காலை, அவர் தேநீரைக் குடித்து முடிக்காமலே கதிரையில் சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

செத்தவீட்டில் மகளுக்காக ஒருவர் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி பெட்டியைச் சுற்றி வந்தார். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் என் பிள்ளை கதறினாள். அவளைக் கட்டிப்பிடிக்க முடியவில்லை. வந்த கோபத்தில் அதைப் பறித்துக் கடலில் எறிந்திருப்பேன். அன்றே என்னுடையதை அணைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். துடக்கு வீடு, சாவுத் தீட்டு; முப்பத்தொரு நாளுக்கு விளக்கில்லை, பூசையில்லை, சுவாமிக்குப் பூவில்லை. துடக்கு சொந்தக்காரருக்கு மட்டும்தான். அயலவர்கள் அழுதுவிட்டுப் போய் முழுகிவிட்டுத் தங்கள் வீட்டில் விளக்கேற்றலாம். எனக்குப் பூவில்லாதபோது தொலைபேசி எதற்கு?

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுக்கு அழைப்பு இல்லை. கேள்விப்பட்டவர்கள் வருவார்கள். அதன் பிறகும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைவரை பின்னேரங்களில் ஆட்கள் வந்து பாயில் இருந்துவிட்டு, 'போயிட்டு வாறன்' என்று சொல்லாமல் எழும்பிப் போவார்கள். துக்க வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. நிலாவெளியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் அவரோடு வேலை செய்தவர்களெல்லாம் வந்தார்கள். நான் படலையைப் பார்த்தபடி அந்தப் பத்துப் பேரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தொலைபேசியைப் பூட்டிவைத்துவிட்டு, ஒருவருக்கும் ஒரு சொல் சொல்லாமல், அவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று நினைத்த என் புத்தியை என்னவென்பது? ஒழுங்கை முகப்பில் வெள்ளைக்கொடி கட்டினால் ஊருக்குத் தெரியும். லண்டனுக்கு எப்படித் தெரியும்? அது அப்போது மண்டையில் ஓடவில்லை. ஆறு வருடம் ஏமாந்தேன், அங்கே உண்மையில் ஒருவரும் இல்லை என்று முடிவு கட்டினேன். அவர் போன துக்கத்துக்கு மேல் அந்த அவமானமும் சேர்ந்து என்னை அரித்தது.

அந்தியேட்டி முடிந்த மறுநாள், வீடு கழுவி விளக்கேற்றிய பின், குழுவிலிருந்து விலகுவதற்காகவே தொலைபேசியை எடுத்தேன். உயிர் வந்ததும் அது நிறுத்தாமல் அதிர்ந்தது. முதல் நாளிலிருந்து வாசித்தேன்.

"அக்கா, இண்டைக்குப் பூவைக் காணேல்லை." "மான் முழுக்கத் திண்டிட்டுதோ?" "சுகமில்லையோ? ஒரு சொல்லு எழுதுங்கோ." எல்லாரும் மாறி மாறி எழுதியிருந்தார்கள். நாலாம் நாள் தம்பலகாமத்துக்காரி எழுதியிருந்தாள்: "ஒருநாளும் பிந்தாத ஆள். நான் போய்ப் பாக்கப்போறன்."

எங்கே போவது? என் ஊர் தெரியும், முகவரி அவளுக்குத் தெரியாது. அவள் என் பழைய படங்களைப் பெருப்பித்துப் பார்த்திருக்கிறாள். தட்டத்துக்குப் பின்னால் உட்துறைமுகத்தின் ஒரு துண்டு, பாதி விழுந்த சீமெந்துத் தூண், இடப்பக்கம் ஒரு பச்சைத் தண்ணீர்த் தாங்கி. ஆறாம் நாள் பஸ் ஏறி வந்து, கரைப்பக்கத்து ஒழுங்கைகளில் ஒவ்வொன்றாக இறங்கி, மான் வந்து செவ்வரத்தை தின்னும் வீடு எது என்று விசாரித்திருக்கிறாள். மூன்றாவது ஒழுங்கையில் பச்சைத் தாங்கி. படலையில் வெள்ளைக்கொடி. செத்தது நான்தான் என்று நினைத்தாளாம்.

"உள்ளுக்க வந்தனான். நீங்கள் சுவரோட சாய்ஞ்சு இருந்தனீங்கள். பித்தளைத் தட்டம் மேசையில கவிட்டுக் கிடந்தது. அதில உங்களை அறிஞ்சன். நீங்கள் உயிரோட இருக்கிறீங்கள் எண்டு சந்தோசப்பட்டதுக்கு வெக்கமாக் கிடந்தது. கொஞ்சநேரம் பக்கத்தில இருந்தனான். முறைப்படி சொல்லாமல் எழும்பி வந்திட்டன்."

அவளை எனக்கு நினைவு வந்தது. ஒரு பின்னேரம், மண்ணிறச் சேலையில் மெலிந்த பெண்ணொருத்தி என் கையைப் பிடித்தபடியே இருந்தாள். அவர் பக்கத்துச் சொந்தமாக்கும் என்று நானும் கையை விடவில்லை. துக்க வீட்டில் யாரையும் நீங்கள் யாரென்று கேட்பதில்லை. ஒரு பூத்தட்டத்தின் ஓரத்தில் தெரிந்த தண்ணீர்த் தாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி என் வீட்டுக்குள் வந்து போயிருக்கிறாள் என்பதை இன்று நினைத்தாலும் பிரமிப்பாக இருக்கிறது.

ஆனால் அதற்குக் கீழே குழுவில் ஒன்றுமே இல்லை. தாமரை இல்லை, லண்டன் ரோசா இல்லை. ஆறாம் நாளுக்குப் பிறகு ஒரு தட்டமும் வரவில்லை. என்னால் குழு கலைந்துவிட்டது என்று மனம் நொந்து, அவளை முதல்முறையாக அழைத்தேன்.

"அக்கா" என்றாள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்னில பிழைதான்" என்றேன். "அதுக்காகக் குழுவை ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"ஆர் நிப்பாட்டினது?"

"இருவத்தஞ்சு நாளா ஒருத்தரும் பூ போடேல்லையே."

"வீட்டை வந்த உடனை எல்லாருக்கும் சொன்னனான். பத்துப் பேரும் குழுவில எழுதாமல் போனில கதைச்சனாங்கள். எங்களுக்கும் துடக்குத்தானே அக்கா, எப்பிடிப் பூ வைக்கிறது? நேத்தோட முடிஞ்சுது. நீங்கள் முதல் வையுங்கோ. நாங்கள் பாத்துக்கொண்டு இருக்கிறம்."